ஒன்பது நேரம் நாலு

அத்தியாயம் 14

2004 டிசம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியையொட்டி, பெரியகல்லாற்றுக்குள் கடல் மூன்று தரம் வந்தது.

இரண்டாவது தரத்தில் நிலோஜன் போனான். கனகசிங்கம் மாஸ்டரின் கடைக்குட்டி. வயது ஆறு. பின்னேரம் களப்பு ஓரத்துக் கண்ணா மரப் பற்றைக்குள் இருந்து எடுத்தார்கள்.

அது நடந்து நாலு வருடமும் எட்டரை மாதமும் கழித்து, 2009 செப்டம்பர் 12, சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, மாஸ்டரும் மனைவி அன்னப்பூரணியும் மூத்த மகள் தக்ஷாயினியும் மட்டக்களப்பு பஸ்ஸுக்காக நின்றார்கள். அன்னப்பூரணியின் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் நீல நிறச் சல்வார் ஒன்று. ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்து முடித்தது.

"அளவு தெரியாமத் தைச்சிருக்கீங்களே," என்றாள் தக்ஷாயினி.

"உன்ட அளவுக்குத் தைச்சன். அக்காவும் தங்கச்சியும் ஒரே உடம்புதானே."

"நான் இப்ப குண்டு."

"அதுதான் ரெண்டு விரல் பிடிச்சிருக்கன்."

மாஸ்டர் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல்நாள் மாலை ஏறாவூர் ஜெமீலா டீச்சரிடமிருந்து தொலைபேசி வந்தது. தன்னாமுனையில் உள்ள ஒரு சிறுமியர் விடுதிக்கு மாலைகளிலும் சனி ஞாயிறுகளிலும் போய்க் கணக்குப் படிப்பிப்பவர் அவர். இரண்டு முறை மாஸ்டர் நடத்திய ஆசிரியர் பயிற்சிச் செயலமர்வுக்கு வந்தவர்.

"சேர், இங்க ஒரு புள்ள வந்திருக்கு. வவுனியா முகாமில இருந்து. தாய்ட ஊர் இந்தப் பக்கம் எண்டு இங்க அனுப்பியிருக்காங்க. ஒம்பது பத்து வயசிருக்கும். ஆரோடயும் கதைக்காது. வாய்ப்பாடு கேட்டா மட்டும் சொல்லும்."

"சரி."

"ஏழு நேரம் எட்டு அம்பத்தாறு எண்டு சொல்லுது, சேர்."

மாஸ்டர் தொலைபேசியைக் காதோடு அழுத்தினார்.

"தர எண்டு சொல்லல்ல. ஏழெட்டு அம்பத்தாறு எண்டும் சொல்லல்ல. நேரம் எண்டு சொல்லுது. உங்கட மகன் சொன்ன மாதிரி."

*

நமது வகுப்பறைகளில் கூட்டலுக்குச் 'சக' என்போம், கழித்தலுக்குச் 'சய', பெருக்கலுக்குத் 'தர'. இரண்டு தர மூன்று ஆறு. எந்தப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும்.

2004இல் இங்கிலீசு மூலக் கல்வி என்று ஊரெல்லாம் பேச்சு. மாஸ்டர் தன் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தொடங்கிவிட்டார். டூ டைம்ஸ் த்ரீ சிக்ஸ். கடல் வந்ததற்கு முதல்நாள், சனிக்கிழமை மாலை, நிலோஜனை மேசையில் இருத்திக் கேட்டார்.

"டூ டைம்ஸ் த்ரீ?"

"ஆறு."

"தமிழில சொல்லு."

"ரெண்டு நேரம் மூண்டு, ஆறு."

"நேரமில்ல. தர."

"டைம் எண்டா நேரம்தானே?"

"அது வேற டைம். இது பெருக்கல்."

சின்னவன் விடவில்லை. இறங்கிப் போய் அலுமாரித் தட்டிலிருந்த மருந்துப் பையை எடுத்துக்கொண்டு வந்தான். காய்ச்சலுக்குக் கொடுத்த குளிசை. கடைக்காரர் பேனையால் எழுதியிருந்தார்: மூன்று நேரம், இரண்டு.

"பாருங்க. மூண்டு நேரம் ரெண்டு. ஒரு நாளைக்கு ஆறு குளிசை. பெருக்கல்தானே."

மாஸ்டர் ஒரு குட்டுக் குட்டினார். பலமான குட்டு அல்ல. மாஸ்டரின் இரண்டாவது மகள் யசோதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று.

மறுநாள் கடல் வந்தது.

ஜனவரி முழுவதும் அவர்கள் அகதி முகாமில் இருந்தார்கள். பெப்ரவரி முதல் வாரத்தில் மாஸ்டர் மட்டக்களப்புக்குப் போய், நூலகத்தில் இருப்பதிலேயே பெரிய இங்கிலீசு அகராதியைக் கேட்டார். வாங்கி 'டைம்' என்ற சொல்லை எடுத்தார்.

மல்டிப்ளை என்பது லத்தீன். பல மடிப்பு என்று பொருள், நம்முடைய மும்மடங்கு நான்மடங்கு போல. அதில் அவருக்கு வேலை இல்லை. டைம்ஸைப் பார்த்தார். 'த்ரீ டைம்ஸ்' என்றால் மூன்று வேளை, மூன்று முறை என்று போட்டிருந்தது. ஒரு காரியம் எத்தனை வேளை நடந்தது என்று சொல்லச் சொல்ல அதுவே பெருக்கலுக்கும் சொல்லாகிவிட்டது. நமது 'தர' கூடத் தரம் என்பதிலிருந்து வந்ததுதான். தரம் என்றாலும் தடவை. மூன்று நேரம் இரண்டு குளிசை.

அவன் சொன்னது சரி.

அதற்குக் கீழே இன்னும் இருந்தது. பழைய இங்கிலீசில் 'தீமா'. அதற்கும் அடி வேர், வெட்டு, பிரி என்ற பொருளில் ஒன்று. பெருக்கலுக்கு வைத்த சொல்லின் வேர் பிரித்தல். அதே வேரில் பிறந்த இன்னொரு சொல் 'டைட்'. கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் சொல்வது.

அவர் அதை ஒரு கொப்பித் தாளில் எழுதி, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு முகாமுக்குத் திரும்பினார்.

அன்னப்பூரணி அப்போது உறங்குவதில்லை. பஸ் போகிற இரைச்சல் கேட்டாலும் எழும்பி யசோதினியின் கையைப் பிடிப்பாள். "இவளைக் கடல் இல்லாத இடத்துக்கு அனுப்புங்க," என்று ஒவ்வொரு நாளும் கேட்டாள். வன்னியில், வட்டக்கச்சியில், அவளுடைய தங்கை கமலாம்பிகை இருந்தாள். சுற்றிவர வயலும் குளமும். கடல் இல்லை. போர்நிறுத்த காலம், பாதை திறந்திருந்தது. ஒரு பிள்ளையைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று கமலாம்பிகை சொல்லியனுப்பினாள். தக்ஷாயினிக்கு அந்த வருடம் உயர்தரச் சோதனை.

மாஸ்டர் யசோதினியைக் கூட்டிக்கொண்டு போனார். வன்னிக்குள் நுழையும் ஓமந்தைச் சாவடியில் பஸ் நீண்ட நேரம் நின்றது. அப்போது அந்தத் தாளை விரித்துக் காட்டினார்.

"தம்பி சொன்னது சரி, மகள். நான்தான் பிழை."

அவள் வாசித்தாள். 'டைட்' பற்றிய கீழ்வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நேரமும் கடலும் ஒரு வயித்துப் பிள்ளைகள்," என்றார் அவர். "அம்மாட்டச் சொல்லாத."

"சொல்ல மாட்டன்." தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "இனி நான் நேரம் எண்டுதான் சொல்லுவன்," என்றாள்.

குட்டின கதையையும் மருந்துப் பைக் கதையையும் மாஸ்டர் பின்னர் செயலமர்வுகளில் சொன்னார். பிள்ளை பிழையாகச் சொன்னால் கை ஓங்குவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள் என்பதற்காக. கீழ்வரியை யாருக்கும் சொல்லவில்லை. அது ஓமந்தையில் நின்ற பஸ்ஸோடு சரி.

2006இல் பாதை மூடியது. யசோதினியின் கடைசிக் கடிதம் 2008 ஆகஸ்டில் வந்தது. இடம்பெயர்ந்த இடத்தில் மரத்துக்குக் கீழ் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாக எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இந்த வருடம் மே மாதம் போர் முடிந்தது. முகாம்களில் தொங்கவிட்ட பட்டியல்களில் யசோதினி கனகசிங்கம் என்ற பெயர் இல்லை. கமலாம்பிகையின் பெயரும் இல்லை.

*

பஸ்ஸில் அன்னப்பூரணி இடது பக்க யன்னலோரம் இருந்தாள். மட்டக்களப்புக்குப் போகும்போது களப்பு இடது பக்கம் வரும், கடல் வலது பக்கம். நாலே முக்கால் வருடமாக அவள் போகும்போது இடது பக்கம், திரும்பும்போது வலது பக்கம். இடம் இல்லாவிட்டால் நிற்பாள்.

"அந்தப் புள்ளைக்கு வாய்ப்பாடு வேற ஆராவது சொல்லியிருக்கலாம்," என்றார் மாஸ்டர். "நான் இருநூறு பேருக்கு மேல இந்தக் கதையைச் சொல்லியிருக்கன்."

"வன்னிக்கு ஆர் கொண்டு போன? உங்கட செயலமர்வு ஓமந்தை தாண்டினதோ?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னன், அன்னம்."

"வாய்ப்பாடு வந்திட்டு. வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தவ பின்னால வராமலா போவா."

கொஞ்சத் தூரம் போன பிறகு அவளே தொடர்ந்தாள்.

"வந்து கேப்பா. ஏன் என்னை அனுப்பினீங்க எண்டு கேப்பா."

"நான்தானே கொண்டுபோய் விட்ட. நான் எண்டு சொல்றன்."

"நான்தானே அழுத."

தக்ஷாயினி முன் இருக்கையிலிருந்து திரும்பினாள். "அவ என்னட்டத்தான் கேப்பா. உனக்குச் சோதினை எண்டு நீ நிண்ட, நான் போன எண்டு."

"நீயும் தொடங்காதகா, பேசாம இரு," என்றாள் தாய். ஆனால் அவள் கை மகளின் தோளில் இருந்தது.

இந்த வீட்டில் இதுவரை யாரும் இதைப் பேசியதில்லை. இன்றைக்குத்தான் பேசினார்கள். பேச ஒரு காரணம் கிடைத்திருந்தது. யசோதினி வந்து கேட்கப் போகிறாள்.

கல்லடிப் பாலத்துக்கு முன்னால் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். வரிசை. அடையாள அட்டை. இளம் சிப்பாய் ஒருவன் துணிப்பையைத் திறந்து சல்வாரை வெளியே எடுத்து விரித்தான். ஊசி குத்திய பிடிப்பு ஒன்று இன்னும் கைப்பக்கத்தில் இருந்தது.

"இது யாருக்கு?" அவனுக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

"மகளுக்கு," என்றாள் அன்னப்பூரணி.

"மகள் எங்க?"

அன்னப்பூரணி வாயைத் திறந்தாள். முந்திக்கொண்டு தக்ஷாயினி, "நான்தான்," என்றாள்.

சிப்பாய் சல்வாரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கொஞ்சம் டைட்," என்று சொல்லி மடிக்காமலே திருப்பிக் கொடுத்தான்.

அவன் சொன்னது இறுக்கத்துக்கான சொல். மாஸ்டரின் காதில் அது கடலின் 'டைட்'டாக விழுந்தது. அவர் பாலத்தை நோக்கி நடந்தார்.

*

விடுதியின் வாசல் படலையில் ஜெமீலா டீச்சர் நின்றார். நோன்பு காலம். உதடு வறண்டிருந்தது. ஆனாலும் உள்ளே போனதும் முதல் வேலையாக மூவருக்கும் தேநீர் ஊற்றித்தரச் சொன்னார்.

"நீங்க குடிக்கல்லயா, டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, அன்னப்பூரணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மறந்து போனன்."

"பரவாயில்லம்மா. நான் வாசத்தைக் குடிக்கன்."

விடுதிப் பொறுப்பாளர் ஆச்சிப்பிள்ளை ஒரு பதிவுப் புத்தகத்தைத் தள்ளினார். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், பிள்ளைக்கு என்ன உறவு.

"உறவு எண்ட இடத்தில என்ன எழுத?" மாஸ்டர் கேட்டார்.

"என்ன முறையெண்டு எழுதுங்க. மாமனா, பெரியப்பனா."

"ஒரு முறையும் இல்ல."

"அப்ப எப்பிடி நான் பிள்ளையைக் காட்ட?"

ஜெமீலா டீச்சர் இடையில் வந்தார். "நான் பொறுப்பு. போகக்குள்ள எழுதுவாங்க."

அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. புத்தகத்தை மூடவில்லை.

பிள்ளையின் பெயர் டிலக்சனா. ஒல்லி. தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இடது காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு. வந்து வாங்குப் பலகையில் இருந்து, காலைத் தொங்கவிட்டு, மூவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தாள்.

"மகள், சேருக்கு எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக் காட்டுங்க," என்றார் ஜெமீலா டீச்சர்.

குரல் உடனே வந்தது. இழுவை இல்லை, பாட்டு இல்லை. வேகமாக.

"எட்டு நேரம் ஒண்டு எட்டு. எட்டு நேரம் ரெண்டு பதினாறு. எட்டு நேரம் மூண்டு இருபத்தினாலு."

பன்னிரண்டு வரை போனாள். அன்னப்பூரணி ஒவ்வொரு 'நேர'த்துக்கும் தலையை ஆட்டினாள். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். விடை சரியா என்று அவள் பார்க்கவில்லை.

"ஆர் சொல்லித் தந்த?" மாஸ்டர் கேட்டார்.

"யசோ அக்கா."

அன்னப்பூரணி எழும்பிவிட்டாள். தக்ஷாயினி அவளைப் பிடித்து இருத்தினாள்.

"வன்னியில எத்தினையோ யசோ இருப்பாங்க," என்றார் மாஸ்டர் மெதுவாக. தனக்கே சொன்னது போல இருந்தது. பிறகு பிள்ளையிடம், "ஏன் தர எண்டு சொல்லாம நேரம் எண்டு சொல்லுறீங்க?"

"அக்கா அப்பிடித்தான் சொல்லுறவா. அவான்ர தம்பி கண்டுபிடிச்சது."

"மறுகா? வேற என்ன சொல்லுவா?"

பிள்ளை யோசித்தாள். வாய்ப்பாடு அல்லாத ஒன்றைச் சொல்லலாமா என்று யோசிப்பது போல ஜெமீலா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் தலையாட்டினார்.

"இங்கிலீசில நேரமும் கடலும் ஒரு வயித்துப் பிள்ளையளாம். அவான்ர அப்பா சொன்னவராம். அம்மாட்டச் சொல்லக்கூடாதாம்."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன?" அன்னப்பூரணி அவரைப் பார்த்தாள். "என்ன அது? என்ன சொல்லுது?"

"அவதான், அன்னம்," என்றார். "எங்கட யசோதான். இது வேற ஆருக்கும் தெரியாது."

அந்த அறையில் ஒரு நிமிடம் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அப்படித்தான் எழுத வேண்டும். தக்ஷாயினி அழுதுகொண்டே சிரித்தாள். அன்னப்பூரணி பிள்ளையின் பக்கத்தில் போய் இருந்து, கையைப் பிடித்து, தலையைத் தடவி, "அக்கா எங்க, மகள்? இப்ப எங்க இருக்கா? எந்த முகாம்?" என்று கேட்டாள்.

பிள்ளை கையை இழுத்துக்கொண்டாள். நிலத்தைப் பார்த்தாள்.

அன்னப்பூரணி இன்னொரு தரம் கேட்டாள். பிள்ளை காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பிடித்தான் சேர்," என்றார் ஜெமீலா டீச்சர் தாழ்ந்த குரலில். "எங்க, எப்ப எண்டு கேட்டா வாயைத் திறக்காது. கணக்காக் கேளுங்க."

மாஸ்டர் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். கதிரையைப் பிள்ளைக்கு முன்னால் இழுத்தார். முப்பத்திரண்டு வருடமாக அவர் பிள்ளைகளிடம் கேட்டுவந்த கேள்விதான்.

"ஒம்பதாம் வாய்ப்பாடு தெரியுமா?"

"ஓம்."

"சொல்லுங்க பாப்பம்."

"ஒன்பது நேரம் ஒண்டு ஒன்பது. ஒன்பது நேரம் ரெண்டு பதினெட்டு. ஒன்பது நேரம் மூண்டு இருபத்தேழு. ஒன்பது நேரம் நாலு முப்பத்தாறு."

நின்றுவிட்டாள்.

"சரி. ஒம்பது நேரம் அஞ்சு?"

"அது அக்கா சொல்லித்தரேல்லை."

"ஏன்?"

"நாலு வரைக்கும்தான் சொன்னவா."

"மற்ற நாள் சொல்லித் தரல்லயா?"

"மற்ற நாள் இல்லை."

வெளியே யாரோ வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. மாஸ்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காததாலோ என்னவோ, பிள்ளை சொல்லத் தொடங்கினாள். வாய்ப்பாடு சொன்ன அதே குரலில், அதே வேகத்தில்.

மாத்தளனில் பங்கர். மண் பங்கர். ஏழு பிள்ளைகள், யசோ அக்கா, கமலாச் சின்னம்மா. செல் விழும்போது விழுந்ததை எண்ணக்கூடாது, வாய்ப்பாட்டைச் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் சட்டம். எண்ணினால் பயம் வரும். வாய்ப்பாடு சொன்னால் அடுத்தது என்ன என்று மூளை தேடும். அப்படி இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து எட்டு வரை வந்தார்கள். அன்றைக்குக் காலை ஒன்பது தொடங்கியது. நாலு வரை சொன்னார்கள். அக்கா வாசலோரம் இருந்தவா.

"அக்காவை அங்கதான் கிடங்கு வெட்டித் தாட்டது. சின்னம்மாவுக்குக் காலில காயம். காயக்காரரை ஏத்திற கப்பல்ல ஏத்தினவை. எனக்குக் காதில."

காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினாள்.

தக்ஷாயினி யன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஜெமீலா டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மாஸ்டர் பிள்ளையைப் பார்த்தபடியே இருந்தார், பாதியில் விட்ட பிள்ளை மீதியைச் சொல்லும் என்று காத்திருப்பவர் போல.

அன்னப்பூரணி அழவில்லை. அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்டைக்கு அவ சாப்பிட்டாவா?"

"கஞ்சி குடிச்சவா."

"வயிறு நிறையவா?"

"ஒரு நேரம்தான் கஞ்சி."

அன்னப்பூரணி தலையை ஆட்டினாள். முன்பு வாய்ப்பாட்டுக்கு ஆட்டியது போலவே.

"மாத்தளன் எண்டா எப்பிடி இடம்?" என்று பிறகு கேட்டாள்.

மாஸ்டருக்கு அது தெரியும். மே மாதத்திலிருந்து வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து அந்த இடத்தின் வடிவம் அவருக்கு மனப்பாடம். மனைவிக்கு மட்டும் சொல்லியிருக்கவில்லை. இப்போதும் சொல்லவில்லை. பிள்ளை சொன்னாள்.

"ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் களப்பு. எங்கட ஊரும் இப்பிடித்தான் எண்டு அக்கா சொன்னவா."

*

கிளம்பும்போது அன்னப்பூரணி துணிப்பையை வாங்கில் வைத்தாள்.

ஆச்சிப்பிள்ளை எடுத்துப் பார்த்தார். "இது பெரிசு தங்கச்சி. இந்தப் பிள்ளைக்குப் பத்துப் பாவாடை தைக்கலாம்."

"இருக்கட்டும். வளந்திருவா."

"எட்டு வருசம் செல்லுமே."

"வைச்சிருங்க."

மாஸ்டர் பஸ் டிக்கட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்: கமலாம்பிகை, கால் காயம், கப்பல். கப்பல் எங்கே இறக்கியது, எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், பெயரை எப்படி எழுதிக்கொண்டார்கள், ஒன்றும் தெரியாது. முகாம் பட்டியல்களில் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிப் பட்டியல்களில் பார்க்கவில்லை. கமலாம்பிகை உயிரோடு இருந்தால் அவளுக்கு யசோதினியைப் புதைத்த இடம் தெரியும், எந்த மரத்துக்குக் கிட்ட, கடல் பக்கமா களப்புப் பக்கமா என்று.

டிலக்சனா அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தானாக வந்து நின்றது இதுதான் முதல் தடவை என்று ஜெமீலா டீச்சர் பின்னர் சொன்னார்.

"ஒன்பது நேரம் அஞ்சு எவ்வளவு?"

மாஸ்டர் அவளைப் பார்த்தார். டிக்கட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"நாளைக்கு நான் சொல்லித்தாறன் மகள்," என்றார் ஜெமீலா டீச்சர்.

"நேரம் எண்டுதான் சொல்லோணும்."

"நேரம் எண்டுதான் சொல்லுவன்."

ஆச்சிப்பிள்ளை பதிவுப் புத்தகத்தை நீட்டினார். அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாக இருந்தது. மாஸ்டர் பேனையை வாங்கினார். பிறகு உறவு என்ற இடத்தில், 'படிப்பித்தவரின் தகப்பன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

மட்டக்களப்பிலிருந்து மூன்று நாற்பதுக்குக் கல்முனை பஸ் வெளிக்கிட்டது. சனம் நிறைந்திருந்தது. இடது பக்கம், கடல் பக்கம், ஒரேயொரு இருக்கை காலியாக இருந்தது. அன்னப்பூரணி அதில் இருந்தாள். பெரியகல்லாறு வரும் வரை எழும்பவில்லை.